பிரேக்குக்குள் ஒரு ரப்பர் வளையம்

லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மீன்தலைக் கறிக்கும் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். அந்தச் சாலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. 1840-களில் தொடங்கி 1933 வரை பக்கத்தில் உள்ள ஃபேரர் பார்க் திடலில்தான் சிங்கப்பூரின் குதிரைப் பந்தயம் நடந்தது. பிறகு அது புக்கிட் தீமாவுக்குப் போனது, கிராஞ்சிக்குப் போனது, 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயத்தோடு முடிந்தும் போனது. பெயர்ப்பலகை மட்டும் தேக்காவில் நிற்கிறது.

குதிரை போன வழியில் கார் வந்தது. குதிரைக்குக் கடிவாளம் உண்டு, இழுத்தால் நிற்கும். குதிரையும் உயிருள்ளது, முன்னால் சுவர் இருந்தால் தானாகவே தயங்கும். காருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அதை நிறுத்துவது முழுக்க முழுக்க மனிதன் செய்துவைத்த ஒரு சாதனத்தின் பொறுப்பு. பந்தயம் என்றதும் எஞ்சினைப் பற்றிப் பேசுகிறோம், வேகத்தைப் பற்றிப் பேசுகிறோம், வென்றவரின் படத்தைப் பத்திரிகையில் போடுகிறோம். ஆனால் சிங்கப்பூரின் கார் பந்தய வரலாற்றை பிரேக்கின் பக்கமிருந்து பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. அந்தக் கதையில் ரப்பர்த் தோட்டம் வருகிறது, விளக்கெண்ணெய் வருகிறது, நம்முடைய பாட்டன்மார்களும் வருகிறார்கள்.

தாம்சன் மைல்

1961 செப்டம்பரில், சுற்றுப்பயணிகளை ஈர்க்கும் முயற்சிகளில் ஒன்றாக, ‘ஓரியண்ட் இயர் கிராண்ட் பிரி’ என்ற பெயரில் அப்பர் தாம்சன் ரோட்டில் முதல் பெரிய பந்தயம் நடந்தது. பந்தயத்துக்கென்று போட்ட தடம் அல்ல அது. மற்ற நாள்களில் பேருந்தும் லாரியும் ஓடும் பொதுச் சாலையை மூடி, பழைய அப்பர் தாம்சன் ரோட்டோடு சேர்த்து 4.865 கிலோமீட்டர் வட்டமாக்கினார்கள். ஓரத்தில் விளக்குக் கம்பங்கள், பேருந்து நிறுத்தங்கள், ஆழமான மழைநீர்க் கால்வாய்கள். அவற்றை ஒட்டியே பார்வையாளர் கூட்டம்.

நேராக நீண்ட ஒரு பகுதிக்கு ‘தாம்சன் மைல்’ என்று பெயர். அதில் கார்கள் முழு வேகத்தில் பாய்ந்து வரும். நடுவே ‘ஹம்ப்’ என்ற மேடு. அதைத் தாண்டியதும் செம்பவாங் சர்க்கஸ் அருகே கொண்டையூசி வளைவு. பாய்ந்து வந்த கார் அங்கே கிட்டத்தட்ட நடக்கும் வேகத்துக்கு இறங்க வேண்டும். பிறகு ‘ஸ்னேக்ஸ்’ என்ற பாம்பு வளைவுகள், ‘டெவில்ஸ் பெண்ட்’ என்ற பேய் வளைவு, நீண்ட சுற்று, மீண்டும் ஒரு கொண்டையூசி. பெயர்களைக் கேட்டாலே தெரியும், அந்தச் சாலையில் ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது.

முதல் ஆண்டில் ஆஸ்டன் மார்ட்டின் காரில் இயன் பார்ன்வெல் வென்றார். 1962-ல் ஜாகுவார் இ-டைப் காரில் யோங் நாம் கீ வென்றார். 1963-லும் 1965-லும் ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன் சிறிய லோட்டஸ் 23 காரில் முதலாவதாக வந்தார். இடைப்பட்ட 1964 பந்தயம் கனமழையால் பாதியில் கைவிடப்பட்டது. சிங்கப்பூர் தனிநாடான பிறகு, 1966-ல், அது ‘சிங்கப்பூர் கிராண்ட் பிரி’ ஆனது. அவ்வாண்டு லீ ஹான் செங், அடுத்த ஆண்டு ரோட்னி சியாவ். அதன் பிறகு ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஓட்டுநர்களின் காலம். நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ் 1969 முதல் 1971 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றார். மலேசியாவின் சோனி ராஜா போன்ற இவ்வட்டார இளைஞர்களும் அவர்களுக்கு ஈடுகொடுத்து ஓட்டினார்கள்.

இந்தப் பட்டியல் பலருக்கும் தெரிந்ததே. அந்த வளைவுகளில் பிரேக்குக்குள் என்ன நடந்தது என்பதுதான் பேசப்படாத செய்தி.

ஒரு நிறுத்தத்தின் விலை

1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முழுவதுமாக நிறுத்தினால், அந்த வேகம் முழுவதும் வெப்பமாக மாறும். அந்த வெப்பத்தைச் சேர்த்துப் பிடித்தால் அறையின் சூட்டில் இருக்கும் நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். சமையலறையில் அடுப்பில் நான்கு லிட்டர் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரமாகும் என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பந்தயக் காரில் அது நான்கைந்து விநாடி வேலை. ஒரே சுற்றில் அதுபோலப் பலமுறை. அப்படிப் பல சுற்றுகள்.

இந்த வெப்பம் எங்கே போகிறது? சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டுக்குப் போகிறது. அந்த வட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பேடுகளுக்குப் போகிறது. அங்கிருந்து, பேடுகளைத் தள்ளும் பிஸ்டன்கள் வழியாக, அவற்றைத் தாங்கி நிற்கும் கேலிப்பர் என்ற உலோகக் கூட்டுக்குள் இறங்குகிறது. அந்தக் கூட்டுக்குள் பிஸ்டனைச் சுற்றி, விரலில் போடும் மோதிரத்தைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதற்குப் பின்னால் பிரேக் ஆயில்.

அந்த வளையத்துக்கு இரண்டு வேலை. ஆயில் கசியாமல் அடைத்து நிற்பது ஒன்று. மற்றது பலருக்கும் தெரியாதது. பெடலை மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே நகர்கிறது. வளையம் அதைப் பிடித்தபடியே சற்று முறுக்கிக்கொள்கிறது. காலை எடுத்ததும் முறுக்கு அவிழ்கிறது. அவிழும்போது பிஸ்டனை ஒரு மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துவிடுகிறது. பேட் வட்டை விட்டு விலகுவது அந்த மயிரிழையால்தான். பெரும்பாலான கார்களின் டிஸ்க் பிரேக்கில் இதற்கென்று தனியாக ஸ்பிரிங் கிடையாது. பேட் தேயத் தேய, பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கிச் சற்று முன்னால் போய் நின்றுகொள்கிறது. ஆகவே தேய்மானத்தைச் சரிக்கட்டும் வேலையையும் அதே வளையம் பார்த்துக்கொள்கிறது. இவ்வளவு சிறிய பொருளிடம் இவ்வளவு பெரிய பொறுப்பு.

கடுமையான வெப்பத்தில் அந்த ரப்பர் மீள்தன்மையை இழந்து இறுகுகிறது. இறுகிய வளையம் முறுக்கிக்கொள்ளாது, பிஸ்டன் பின்வாங்காது. பேட் வட்டை உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் மேலும் வெப்பம், மேலும் இறுக்கம். கடைசியில் ஆயில் கொதிக்கிறது. திரவத்தை அழுத்தினால் அழுத்தம் அப்படியே மறுமுனைக்குப் போகும். ஆயில் கொதித்து அதில் ஆவிக்குமிழி உண்டானால், மிதிக்கும் மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. ஓட்டுநர் செய்த தவறு எதுவும் இருக்காது.

தோல் போய் ரப்பர் வந்தது

திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். விமானத் தயாரிப்பில் புகழ்பெற்ற அதே குடும்பம். 1921-ல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த கிராண்ட் பிரியில் அத்தகைய பிரேக் கொண்ட டூசன்பெர்க் கார் வென்றபோது உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் சாதாரண மக்கள் வாங்கும் காருக்கு அது வருவதில் ஒரு சிக்கல். பிஸ்டனை அடைத்து நின்றது பதப்படுத்திய தோல். தோல் காய்ந்து சுருங்கும், ஆயில் கசியும். கிறைஸ்லர் நிறுவனத்தின் பொறியாளர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பர் கிண்ணத்தை வைத்தார்கள். 1924-ல் வெளிவந்த கிறைஸ்லர் கார் நான்கு சக்கரத்திலும் திரவ பிரேக்கோடு வந்தது. அன்றுமுதல் பிரேக்கின் உயிர் ரப்பரில்.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை சிங்கப்பூர் பூமலையில் இருக்கிறது. 1877-ல் 22 ரப்பர்க் கன்றுகள் இங்கே வந்து சேர்ந்தன. 1888-ல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்குதான் வகுத்தார். பார்க்கிற தோட்ட முதலாளிகளிடமெல்லாம் விதையைத் திணித்த அவரை அக்காலத்தில் கேலி செய்தார்கள். 1920-களில் உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு மலாயா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களிலிருந்து போனது. மலாயாவில் விடியுமுன் இருட்டில் உளியோடு போய்ப் பால்மரம் சீவியவர்களில் பெரும்பகுதியினர் தஞ்சாவூர், திருச்சி, சேலம் என்று தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகளோடு கப்பலேறியவர்கள். அவர்கள் சீவிய பால் தகடாகி, சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானது. டயரானது எவ்வளவு, பிரேக் கிண்ணமானது எவ்வளவு என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. இயற்கை ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. எஞ்சின் ஆயில் பட்டால் ஊதிப் பெருத்து, பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். ரப்பரைக் கெடுக்காத, அதே சமயம் வழவழப்பான ஒரு திரவம் வேண்டியிருந்தது. கிடைத்தது ஆமணக்கெண்ணெய். குழந்தைக்கு வயிறு கட்டினால் பாட்டி கொடுக்கும் அதே விளக்கெண்ணெய்தான். அதில் ஆல்கஹாலைக் கலந்து பிரேக் ஆயில் செய்தார்கள். ஆமணக்கு விளைவதில் இந்தியா நெடுங்காலமாகவே முன்னணி நாடு. பந்தயக் கார் எஞ்சினுக்கும் ஆமணக்கெண்ணெய்தான் உயர்ந்த மசகு என்று கருதிய காலம் அது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. தோட்ட ரப்பரும் விளக்கெண்ணெயும் ஒன்றுக்கொன்று துணையாக, ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் உலகத்துக் கார்களை நிறுத்தின.

டிஸ்க் வந்தது, சூடும் வந்தது

அன்றைய பிரேக்குகள் டிரம் வகை. மூடிய டப்பாவுக்குள் உரசல் நடக்கும். சூடு வெளியேற வழியில்லை. மலையிறக்கத்தில் பிரேக் ‘செத்துப்போவது’ அதனால்தான். திறந்த வட்டைக் கவ்விப் பிடிக்கும் யோசனைக்கு இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அது கைகூட அரை நூற்றாண்டு ஆனது. டன்லப் நிறுவனமும் ஜாகுவாரும் சேர்ந்து உருவாக்கிய டிஸ்க் பிரேக்கோடு 1953-ல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை ஜாகுவார் வென்றது. மற்றவர்கள் வளைவுக்கு வெகுதூரம் முன்பே வேகத்தைக் குறைத்தபோது, ஜாகுவார் ஓட்டுநர்கள் மேலும் பல மீட்டர் போய் பிரேக் பிடித்தார்கள். பந்தயம் பிரேக்கால் வெல்லப்பட்டது.

1962-ல் தாம்சன் ரோட்டில் வென்ற இ-டைப் அந்தப் பரம்பரையில் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். ஆனால் பின் டிஸ்க்குகளைச் சக்கரத்தில் வைக்காமல், காரின் நடுவில், டிஃபெரன்ஷியல் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சக்கரத்தின் எடையைக் குறைக்க அது நல்ல ஏற்பாடு. சூட்டுக்கோ அது கூண்டு. காற்று அங்கே சரியாகப் போகாது. டிஸ்க்கின் வெப்பம் பக்கத்து ஆயில் சீல்களையும் வாட்டும். பழுதுபார்க்க வேண்டுமானால் பின்பக்க அமைப்பு முழுவதையும் இறக்கினால்தான் நிம்மதியாக வேலை செய்ய முடியும் என்று இன்றும் மெக்கானிக்குகள் அலுத்துக்கொள்வார்கள். பந்தயத்துக்கு மறுநாள் அந்தக் காரின் அடியில் படுத்தவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆல்பர்ட் பூனின் லோட்டஸ் 23 வேறு வழியில் போனது. ஜாகுவாரின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அது. எடை குறைந்தால் நிறுத்த வேண்டிய ஆற்றலும் அதே அளவு குறையும், பிரேக் பிழைக்கும். அதில் இருந்தது கெர்லிங் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக். டன்லப்பின் தொடக்கக் கால அமைப்பில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க உள்ளே தனியாக ஓர் ஊசி இருந்தது. கெர்லிங் வகையில் அந்த வேலை ரப்பர் வளையத்துக்கு வந்தது. அதே கெர்லிங் தொழில்நுட்பத்தைக் கொண்டு, டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூக்காஸும் கூட்டாகச் சென்னையில் 1962-ல் ‘பிரேக்ஸ் இந்தியா’ நிறுவனத்தைத் தொடங்கின. பாடியில் எழுந்த அந்தத் தொழிற்சாலை, இந்தியாவின் கார்களுக்கும் லாரிகளுக்கும் பிரேக் செய்து கொடுத்தது. சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலமும் அதுதான். தாம்சன் ரோட்டிலும் சோழவரத்திலும் ஓட்டியவர்களுக்கு நிரந்தரத் தடம் இல்லை. கிடைத்த சாலையும் கைவிட்ட ஓடுபாதையும்தான்.

டிஸ்க் திறந்தவெளியில் இருந்ததால் வட்டு சீக்கிரம் ஆறியது. ஆனால் பேடும் பிஸ்டனும் ஆயிலும் அந்த வட்டுக்கு மிக நெருக்கத்தில் வந்துவிட்டன. ஆல்கஹாலின் கொதிநிலை குறைவு. விளக்கெண்ணெய்க் கலவை அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. ரப்பரும் மாறியது. இன்று கேலிப்பர் வளையங்கள் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆனவை. நெடுங்காலக் கூட்டாளிகள் இருவரும் பிரேக்கிலிருந்து சேர்ந்தே விலகினார்கள் என்று சொல்லலாம். முழுவதும் விலகினார்களா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

புதுத் திரவத்துக்கு ஒரு குறை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சிங்கப்பூரின் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாட் 4 தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கலாம். புட்டியைத் திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் வைத்துவிட்டு மீதியை ஊற்றுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

சாலை மூடப்பட்டது

அப்பர் தாம்சன் ரோட்டில் நடந்த பந்தயங்களில் மொத்தம் ஏழு உயிர்கள் போயின. 1972-லும் 1973-லும் அடுத்தடுத்து ஓட்டுநர்கள் மாண்டார்கள். எல்லாம் பிரேக்கால் என்று சொல்வது பொய். மழை, வேகம், கம்பம், கால்வாய் என்று காரணங்கள் பல. ஆனால் பிரேக் கொஞ்சம் பிழைத்தாலும் ஒதுங்க இடமில்லாத சாலை அது. 1973-ல் ஆஸ்திரேலியாவின் வெர்ன் ஷுப்பன் வென்றதே அங்கு நடந்த கடைசி கிராண்ட் பிரி. ஆபத்தும், வளர்ந்துவரும் நகரில் முக்கியச் சாலையை மூடுவதால் வந்த இடையூறும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அரசாங்கம் நிறுத்தியதில் தவறு காண முடியாது. அன்றைய தடுப்புகளைப் படங்களில் பார்ப்பவர்களுக்கு, பதினொரு பந்தயத்துக்கு மேல் அனுமதித்ததே வியப்பாக இருக்கும்.

இன்று பழைய அப்பர் தாம்சன் ரோட்டில் பாம்பு வளைவுகள் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் 2019-ல் திறந்த தாம்சன் இயற்கைப் பூங்கா. அரியவகை ராஃபிள்ஸ் பட்டைக் குரங்குகள் சாலையைக் கடக்கக் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். கார்கள் அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும்.

பந்தயம் போனதும் அதைச் சுற்றி வளர்ந்த கைத்தொழில் போய்விடவில்லை. சுங்கை ரோடு, ஜாலான் புசார் வட்டாரம் பழைய இரும்புக்கும் கருவிக்கும் உதிரிப்பாகத்துக்கும் பேர்போனது. எடுத்த பொருளுக்கு ஜோடி தேடுகிறவர்கள் அங்கே ஒருமுறை சுற்றாமல் வீட்டுக்குப் போவதில்லை. சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. ஐந்தடிப் பாதையில் எண்ணெய்க் கறையோடு நடந்த பட்டறைகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சின் மிங், காக்கி புக்கிட், ஊபி போன்ற தொழிற்பேட்டைகளுக்கு மாறியிருந்தன. சின் மிங், பழைய தாம்சன் தடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான் என்பது தற்செயல்.

300 கிலோமீட்டர் போய், 300 கிலோமீட்டர் திரும்பி

சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் தடம் கிடையாது. சாங்கியில் ஒன்று அமைக்கும் திட்டம் 2010-ல் ஒப்படைக்கப்பட்டு 2012-ல் கைவிடப்பட்டது. ஆகவே ஆசையுள்ளவர்கள் பாலத்தைக் கடக்கிறார்கள். 1986-ல் திறந்த ஜொகூரின் பாசிர் கூடாங் தடம் ஒரு தலைமுறைக்குப் பழக்கமானது. 1999 முதல் கோலாலம்பூருக்கு அருகே சிப்பாங். சனிக்கிழமை விடியலில் கிளம்பி, சுமார் 300 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டி, தடத்தில் சில சுற்று போய்விட்டு, அதே காரில், அதே பிரேக்கில், குடும்பம் காத்திருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். ஆபத்து அந்தத் திரும்பும் பயணத்தில்தான். தடத்தில் பெடல் கொஞ்சம் மெத்தென்று இறங்கியதை, ‘ஆறினால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவார்கள். ஆறினால் பெடல் மீண்டும் கெட்டியாகவும் தோன்றும். இறுகிய வளையம் ஆறினாலும் இளகாது. ஒருமுறை கொதித்த ஆயிலையும் பழையபடி நம்ப முடியாது.

2008 செப்டம்பர் 28-ஆம் தேதி, ஃபார்முலா ஒன் வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் மரினா பேயில் நடந்தது. 35 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் நகரச் சாலையில் கிராண்ட் பிரி. வென்றவர் ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ அலோன்சோ. பாடாங்கையும் எஸ்பிளனேடையும் சுற்றி 5.067 கிலோமீட்டர், 61 சுற்று. நீண்ட நேர்சாலை குறைவு, வளைவு அதிகம். பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைக்காத தடம் என்று அணிகளெல்லாம் அஞ்சும் இடமாக அது ஆனது. அந்தக் கார்களின் வட்டுகள் கார்பனால் ஆனவை. சூடு 1,000 டிகிரியைத் தொடும். காற்று புகுவதற்காக வட்டின் விளிம்பில் நூற்றுக்கணக்கான துளைகளைக் குடைந்திருப்பார்கள். அப்படியும் 2009-ல் மார்க் வெப்பரின் பிரேக் செயலிழந்து முதல் வளைவிலேயே தடுப்பில் போய் மோதினார். அதே பந்தயத்தில் ஜென்சன் பட்டனுக்குக் கடைசிச் சுற்றுகளில் பிரேக்கைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும்படி அணியிலிருந்து உத்தரவு வந்தது. 2012-ல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் இதே தடத்தின் சுவரில் மோதி வெளியேறியபோது, தமிழ் ரசிகர்கள் பலர் தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள்.

2023-ல் நான்கு வளைவுகளை எடுத்துத் தடத்தைச் சுருக்கினார்கள். பிரேக்குக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. ஆனாலும் 2025 அக்டோபர் 5-ஆம் தேதி, ஏழு முறை உலக விருது வென்ற லூயிஸ் ஹாமில்டன், பந்தயம் முடியும் தறுவாயில் பிரேக்கை இழந்தார். வளைவுகளில் தடத்தை விட்டு வெளியே போய், தடுமாறி, அரை விநாடிக்கும் குறைவான இடைவெளியில் ஏழாவதாகக் கோட்டைத் தாண்டினார். தடத்தை விட்டு விலகியதற்காக ஐந்து விநாடி தண்டனை. எட்டாவது இடத்துக்கு இறங்கினார். கோடிக்கணக்கில் செலவிடும் அணிக்கே அந்த நிலை. சொந்தக் காரை சிப்பாங்குக்கு ஓட்டிச் செல்லும் அலுவலக ஊழியருக்கு என்ன காப்பு இருக்கிறது?

பிரித்துப் பூட்டும் வேலை

காப்பு, பட்டறையில் செய்யும் சில மணிநேர வேலைதான். சிவப்புச் சாயம் பூசிய கேலிப்பர் பழுப்பாக நிறம் மாறியிருந்தால் அது நன்றாகச் சுட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிறத்தை மறைக்கப் புதுச் சாயம் அடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. சாயத்துக்குக் கொடுக்கும் பணத்தில் வளையமே வாங்கிவிடலாம். பாதியாக வெட்டி இறக்குமதியாகும் ஜப்பானியக் கார்களிலிருந்து பெரிய கேலிப்பர்களை வாங்கிப் பொருத்துவதும் வழக்கத்தில் உள்ளது. அவற்றைத் திறந்து பார்க்காமல் அப்படியே மாட்டுவது, யாரோ போட்டுக் கழற்றிய செருப்பில் முள் இருக்கிறதா என்று பார்க்காமல் காலை விடுவதைப் போன்றது.

முதலில் கேலிப்பரைக் கழற்றி, பழைய ஆயிலை வடிக்க வேண்டும். பிஸ்டனை வெளியே எடுக்கக் கம்ப்ரெசர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். எதிரே ஒரு மரத்துண்டை வைப்பது கட்டாயம். வைக்காமல் விரலைக் கொடுத்தவர்கள் இரண்டாவது முறை அந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். வெளியே வந்த பிஸ்டனில் துரும்போ கீறலோ நகத்தில் தட்டுப்பட்டால் அதை மாற்ற வேண்டும். வெளிப்பக்கத் தூசி உறை பெரும்பாலும் கருகிப் பொடியாகியிருக்கும். பந்தயத்துக்கென்றே செய்யும் கேலிப்பர்கள் பலவற்றில் அந்த உறையே இருக்காது, எப்படியும் எரிந்துபோகும் என்பதால். அதனால்தான் அவற்றை அடிக்கடி பிரிக்க வேண்டியிருக்கிறது.

பிறகு அந்த வளையம். உலோக ஊசியால் கிளறினால் அது உட்காரும் பள்ளத்தில் கீறல் விழும், கீறல் வழியே ஆயில் கசியும். மரக்குச்சியாலோ பிளாஸ்டிக்காலோ எடுப்பதுதான் முறை. சூடுபட்ட வளையத்தை விரலால் மடக்கினால் வித்தியாசம் உடனே தெரியும். புதியது துள்ளும், பழையது வளைந்தபடி நிற்கும், சில நேரம் ஒடியும். பள்ளத்தில் படிந்த வெண்மையான அரிப்பைச் சுத்தம் செய்வதில்தான் பெரும்பாலான நேரம் போகிறது. அவசரப்படும் பட்டறைகள் தவறவிடுவதும் அந்த இடம்தான். வெள்ளையாக மிச்சம் இருக்கும் அந்தப் பொடி, புது வளையத்தை உள்பக்கத்திலிருந்து நெருக்கி, முதல் நாளிலிருந்தே பிஸ்டனை இறுக்கிவிடும். மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது. 1924-ல் தோட்ட ரப்பருக்கு எதிரியாக இருந்த பெட்ரோலிய எண்ணெய் இன்று ஈபிடிஎம் ரப்பருக்கும் எதிரிதான்.

பூட்டிய பிறகு புது ஆயில் ஊற்றிக் காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் உள்ளே பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூடும் இருவர் வேலை. மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள கார்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயது தாண்டியவற்றை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. அந்தச் சோதனையில் பிரேக் பிடிக்கிறதா என்று உருளையில் வைத்துப் பார்ப்பார்கள். வளையம் எவ்வளவு சூட்டைப் பார்த்திருக்கிறது என்பது அந்த உருளைக்குத் தெரியாது. அதைப் பிரித்துப் பார்த்தவருக்கே தெரியும்.

புது வளையத்தைப் பள்ளத்தில் உட்கார வைக்கும் முன் மெக்கானிக் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, விரல்நுனியில் சிவப்பு கிரீஸ் எடுத்து வளையத்தில் தடவுகிறார். ரப்பரைக் கெடுக்காத கிரீஸ் என்று உலகெங்கும் பட்டறைகளில் விற்கும் சரக்கு அது. அதன் அடிப்படை ஆமணக்கெண்ணெய். தடவி முடித்ததும் பிஸ்டனைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். சுத்தியலோ கிளாம்போ இல்லாமல், கையால் தள்ளும் அளவிலேயே அது உள்ளே இறங்க வேண்டும். எல்லாவற்றையும் பூட்டி, பெடலை ஒருமுறை மிதித்து விட்டு, தூக்கி நிறுத்திய காரின் சக்கரத்தைக் கையால் சுற்றுகிறார். அது தடையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.